ஏ.எஃப். சிகிச்சை நெறிமுறைகளை எப்படி எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வட சென்னையில் பொது மருத்துவம் பார்ப்பவள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டையிலிருந்து வருபவர்கள்தான் என் நோயாளிகளில் பெரும்பாலோர். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் எனப்படும் ஏ.எஃப். பற்றியும், அதற்கு மருத்துவச் சங்கங்கள் வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகளான நெறிமுறைகள் பற்றியும் பயிற்சி மருத்துவர்களும், நோயாளிகளின் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் இன்னும் தெளிவாகப் பேச இது உதவினால் போதும்.

ஏ.எஃப். என்றால் என்ன? அதற்கு ஏன் ஒரு நெறிமுறை?

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை இது. மணிக்கட்டில் நாடி பிடித்தாலே தெரியும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி ஒருபோதும் ஒன்றாக இருக்காது. இடது மேலறையோடு ஒட்டிய சிறு பையில் இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு இந்த ஆபத்தைக் கணக்கிட்டபோது, வால்வு நோய் இல்லாத ஏ.எஃப்.-க்குச் சுமார் 5 மடங்கு என்றும், சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடும் ருமாட்டிக் வால்வு நோயோடு சேர்ந்து வரும் ஏ.எஃப்.-க்கு 17 மடங்கு என்றும் கண்டது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வால்வு நோயின் கதை கீழே மறுபடி வரும்.

உறைவுத் தடுப்பு மருந்து வேண்டுமா, எது, எவ்வளவு? துடிப்பின் வேகத்தைக் குறைத்தால் போதுமா, லயத்தையே மீட்க வேண்டுமா? இவை ஒரு மருத்துவர் தன் அனுபவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடியவை அல்ல. உறைவுத் தடுப்பு மருந்தால் பக்கவாதம் தவிர்க்கப்பட்டவர் யார் என்று எந்த மருத்துவராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. இரத்தம் கசிந்து வந்தவரை மட்டும் மறக்கவே முடியாது. அனுபவம் இப்படி ஒரு பக்கமாகச் சாயும் இடத்தில்தான் ஆயிரக்கணக்கானோரின் கணக்கு தேவைப்படுகிறது.

சென்னையில் எந்த நெறிமுறையைப் பார்க்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு. அமெரிக்க இதயவியல் சங்கங்கள் கூட்டாக 2023-இல் வெளியிட்டது ஒன்று; ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்டது மற்றொன்று. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் தந்ததையும் சிலர் பார்ப்பதுண்டு. செலவையும் கணக்கில் எடுத்துப் பேசுவது அதன் தனிச்சிறப்பு. முதுநிலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் அமெரிக்க, ஐரோப்பிய அட்டவணைகளை மனப்பாடமே செய்துவிடுகிறார்கள். அட்டவணைக்கு முன்னால் உள்ள பக்கங்களைத்தான் யாரும் புரட்டுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பரிந்துரைக்குப் பக்கத்தில் 1, 2ஏ, 2பி, 3 என்றும் ஏ, பி, சி என்றும் இருக்கிறதே, அது என்ன?

எண்ணும் எழுத்தும் வேறுவேறு சங்கதிகள். இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

எண், பரிந்துரையின் உறுதியைச் சொல்கிறது. 1 என்றால் ‘செய்யுங்கள்’. 2ஏ என்றால் ‘செய்வது நியாயம்’. 2பி என்றால் ‘செய்து பார்க்கலாம்’. 3 என்றால் பயனில்லை அல்லது தீங்கு. எழுத்து, அந்த உறுதிக்குப் பின்னால் இருக்கும் சான்றின் தரத்தைச் சொல்கிறது. ஏ என்றால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட நல்ல ஆய்வுகள் ஒன்றுக்கு மேல். பி இடைப்பட்ட தரம். சி என்றால் குறைவான தரவு அல்லது வல்லுநர்கள் கூடிப் பேசி வந்த கருத்து.

ஆகவே ஒரு பரிந்துரை ‘வகுப்பு 1, சான்று சி’ என்றும் இருக்கலாம். குழு உறுதியாக நம்புகிறது, ஆனால் ஆய்வு இல்லை என்று அதற்குப் பொருள். பல நேரங்களில் அது சரியாகவே இருக்கும். ஆனாலும் ‘வகுப்பு 1’ என்ற பச்சை நிறக் கட்டத்தைப் பார்த்ததும் அது நிரூபிக்கப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 2019-இல் வந்த ஓர் அலசல், அமெரிக்க இதயவியல் நெறிமுறைகளில் 8.5 சதவீதப் பரிந்துரைகள் மட்டுமே ஏ தரச் சான்று உடையவை என்றும், ஐரோப்பியவற்றில் 14.2 சதவீதம் என்றும் கண்டது. இதயவியல் மிக அதிகமாக ஆய்வு செய்யப்படும் துறைகளில் ஒன்று. அங்கேயே நிலைமை இது.

எனவே பயிற்சி மருத்துவர்களிடம் நான் சொல்வது: ஒரு பரிந்துரையை வாய்விட்டுச் சொல்லும்போது எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘வகுப்பு 1’ என்று நிறுத்தாதீர்கள். ‘வகுப்பு 1, சான்று சி’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

ஒரு நெறிமுறை நன்றாகத் தயாரிக்கப்பட்டதா என்று அளக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது அக்ரீ-2 என்னும் கருவி. 6 பகுதிகள், 23 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். நோக்கம் தெளிவா, யாரெல்லாம் பங்கேற்றார்கள், சான்றுகளை எப்படித் தேடித் தொகுத்தார்கள், சொன்னது புரிகிறதா, நடைமுறைக்கு ஏற்றதா, பணம் கொடுத்தவர்களின் செல்வாக்கு இல்லாமல் எழுதப்பட்டதா என்பவை அந்த ஆறு பகுதிகள். குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் நான்கு பேர் தனித்தனியாக மதிப்பிட வேண்டும்.

கணக்கு எளிது. நடைமுறைப் பகுதியில் 4 கேள்விகள். இரண்டு பேர் மதிப்பிட்டால் மிகக் குறைந்த மொத்தம் 8, மிக அதிகம் 56. ஒருவர் 9, மற்றவர் 11 கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 20. இருபதிலிருந்து எட்டைக் கழித்தால் 12. ஐம்பத்தாறிலிருந்து எட்டைக் கழித்தால் 48. பன்னிரண்டை நாற்பத்தெட்டால் வகுத்தால் 25 சதவீதம். ஒவ்வொரு பகுதிக்கும் இப்படித் தனித்தனி மதிப்பு வரும். ஆறையும் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது என்று கருவியைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள்.

ஒரு முறை சில பயிற்சி மருத்துவர்களை உட்கார வைத்து இதைச் செய்து பார்த்தோம். தெளிவு, நோக்கம் இரண்டிலும் ஏழும் ஆறுமாக அள்ளிப் போட்டவர்கள், ‘பரிந்துரையை நடைமுறைப்படுத்த ஆகும் செலவும் வசதியும் பேசப்பட்டிருக்கிறதா’ என்ற கேள்வி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். புறநோயாளிப் பிரிவின் வரிசையில் பார்த்த முகங்கள் அவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அக்ரீ-2 சொல்லாத ஒன்றும் உண்டு. நெறிமுறை எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதைத்தான் அது அளக்கும். பரிந்துரை சரியா என்பதை அளக்காது. முறையாகத் தயாரான நெறிமுறையும் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

எழுதிய குழுவினருக்கு மருந்து நிறுவனங்களோடு தொடர்பு இருந்தால் அதைத் தள்ளிவிட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். நம்பத்தக்க நெறிமுறை எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2011-இல் ஓர் அளவுகோல் வகுத்தது: குழுத் தலைவருக்கு அத்தகைய தொடர்பு இருக்கக் கூடாது, தொடர்புள்ளவர்கள் குழுவில் சிறுபான்மையாக இருக்க வேண்டும். உறுப்பினர்களின் தொடர்புகள் நெறிமுறையின் இணைப்பிலோ தனி ஆவணமாகவோ வெளியிடப்படும். அதைத் தேடி எடுத்துப் படிக்க அதிக நேரம் ஆகாது.

மேலைநாட்டு நெறிமுறை நம் ஊர் நோயாளிக்குப் பொருந்துமா?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் 34 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். மீன் ஏலக் கூடத்தில் கூடை தூக்கும் வேலை. வேறோர் இடத்தில் உள்நோயாளியாக இருந்து திரும்பியவர். கையில் இருந்த சீட்டில் ஏ.எஃப். என்று எழுதி, அதன் கீழே பக்கவாத ஆபத்து மதிப்பெண்ணையும் கணக்கிட்டிருந்தார்கள். வயது குறைவு, சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை; பெண் என்பதற்காக ஒரே ஒரு மதிப்பெண். ‘உறைவுத் தடுப்பு மருந்து தேவையில்லை’ என்று முடித்திருந்தார்கள். கூட்டல் சரி, நெறிமுறையின் அட்டவணைப்படியும் சரி. அதே பைக்குள் மடித்து வைத்திருந்த எக்கோ (இதய ஸ்கேன்) தாளில், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது எழுதப்பட்டிருந்தது. “சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கும் அம்மா, பள்ளிக்கூடத்தை அதோடு விட்டேன்” என்றார். ருமாட்டிக் காய்ச்சல். இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டிருக்க வேண்டிய குழந்தை.

அந்த மதிப்பெண் முறை அவருக்கானதே அல்ல. வால்வு நோய் இல்லாத ஏ.எஃப்.-க்கு வகுத்த கணக்கு அது. கணிசமான மைட்ரல் வால்வுச் சுருக்கம் இருந்தால் மதிப்பெண் எதுவானாலும் உறைவுத் தடுப்பு மருந்து வேண்டும் என்று 2023 அமெரிக்க நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அந்த வரி வால்வு நோய்க்கான உட்பிரிவில், பல பக்கங்கள் தள்ளி இருக்கிறது. முதல் அட்டவணையோடு மூடி வைப்பவர் அதைப் பார்க்க மாட்டார்.

ஏன் அப்படித் தள்ளி இருக்கிறது? 2014-இல் வெளியான, 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் நோயாளிகளைப் பதிவு செய்த ஓர் ஆய்வைப் பாருங்கள். ஏ.எஃப்.-ஓடு வந்தவர்களில் ருமாட்டிக் இதய நோய் இருந்தவர்கள் வட அமெரிக்காவில் 2.2 சதவீதம், இந்தியாவில் 31.5 சதவீதம். அவர்களுக்கு அது அடிக்குறிப்பு. நமக்கு மூன்றில் ஒருவர். நெறிமுறை எழுதியவர்கள் தங்கள் ஊரில் கண்டதற்கு ஏற்ப எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. இங்கே படிக்கும் நாம்தான் அடிக்குறிப்பை முதல் பக்கத்துக்கு ஏற்றிப் படிக்க வேண்டும்.

வால்வு நோயுள்ளவர்களுக்குப் புதிய மாத்திரைகள் உதவாதா? இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைத் தொல்லை இல்லையே?

அப்படித்தான் எல்லாரும் விரும்பினோம். டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் ஆகிய புதிய உறைவுத் தடுப்பு மாத்திரைகளைப் பழைய மருந்தான வார்ஃபரினோடு ஒப்பிட்டு 2009 முதல் பெரிய ஆய்வுகள் வந்தன. 18,201 பேரை வைத்து நடந்த அபிக்சபான் ஆய்வில் பக்கவாதமும் குறைந்தது, பெரிய இரத்தக்கசிவும் குறைந்தது, இறப்பும் குறைந்தது. ஆனால் கணிசமான மைட்ரல் சுருக்கம் உள்ளவர்களை இந்த ஆய்வுகளில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. மீன் ஏலக் கூடத்துப் பெண் அந்த 18,201 பேரில் ஒருவராக இருந்திருக்கவே முடியாது.

அவரைப் போன்றவர்களுக்கென்றே பிறகு ஓர் ஆய்வு நடந்தது. இன்விக்டஸ் என்று பெயர். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகள். இந்தியாவும் அதில் உண்டு. 4,531 பேர், சராசரி வயது 50.5, நூற்றுக்கு 72 பேர் பெண்கள். பாதிப் பேருக்கு ரிவராக்சபான், பாதிப் பேருக்கு வார்ஃபரின் வகை மருந்து. புதிய மருந்து பழையதற்குச் சளைத்ததல்ல என்று காட்டவே ஆய்வு தொடங்கியது. 2022-இல் முடிவு வந்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. பக்கவாதம், மாரடைப்பு, இறப்பு போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் ரிவராக்சபான் குழுவில் 560 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பழைய மருந்துக் குழுவில் 446 பேர். இறப்பும் பழைய மருந்துக் குழுவில் குறைவு. இரத்தக்கசிவு அதிகமாகவும் இல்லை.

இன்று இரண்டு பெரிய நெறிமுறைகளுமே இந்த நோயாளிகளுக்கு வார்ஃபரின் வகையையே சொல்கின்றன. நம் ஊர் மருந்துக் கடைகளில் அதிகம் கிடைக்கும் அசினோகுமரால் அதே வகை. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இதேதான். புதிய மாத்திரைகள் அவர்களுக்குக் கூடவே கூடாது.

“பழைய மாத்திரையா தருகிறீர்கள்?” என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அப்போது நான் இந்த எண்களைத் தாளில் எழுதிக் காட்டுகிறேன்.

ஆனால் ஐ.என்.ஆர். இங்கே சரியாகக் கட்டுக்குள் வருவதில்லையே?

உண்மை. மேலே சொன்ன பன்னாட்டுப் பதிவாய்வில், ஐ.என்.ஆர். சரியான அளவில் இருந்த நேரம் மேற்கு ஐரோப்பாவில் 62.4 சதவீதம், இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்காவில் 32 முதல் 40 சதவீதம் வரைதான். அடைய வேண்டிய ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையே. ஒரு பரிசோதனைக்கு அரை நாள் கூலி போகும் என்றால் எத்தனை பேர் மாதாமாதம் வருவார்கள்? நெறிமுறையில் ‘ஐ.என்.ஆர். கண்காணிக்க’ என்று ஒரு வரி. இங்கே அது ஒரு நாள் வேலை.

கீரையை அடியோடு விட்டுவிடச் சொல்வது இன்னும் நடக்கிறது. வேண்டாம். வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே கீரையில் நிறைய இருக்கிறது என்பது சரிதான். ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு தாறுமாறாக மாறுவதுதான் சிக்கல். வழக்கமாகச் சாப்பிடும் அளவை மாற்றாமல் சாப்பிடுங்கள், அதற்கேற்ப மருந்தின் அளவை அமைத்துக்கொள்ளலாம். வலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் சொல்லாமல் சேர்ப்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

எடை குறைந்தவர்களுக்கு மருந்தையும் பாதியாகக் குறைக்கலாமா?

வால்வு நோய் இல்லாதவர்களுக்குத் தரப்படும் அபிக்சபானில் இந்தத் தவறு அடிக்கடி என் கண்ணில் படுகிறது. வழக்கமான அளவு 5 மி.கி., தினம் இரண்டு வேளை. இதை 2.5 ஆகக் குறைக்க மூன்றில் இரண்டு நிபந்தனைகள் பொருந்த வேண்டும்: வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 மி.கி./டெ.லி. அல்லது மேல். ஒன்று மட்டும் போதாது.

60 கிலோ என்ற கோட்டை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். என்னிடம் வரும் வயதான பெண்களில் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் நிற்பார்கள். 70 வயது, 52 கிலோ, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் அவருக்கு முழு அளவு 5 மி.கி.தான். ‘மெலிந்த உடம்பு, தாங்காது’ என்று இரக்கப்பட்டுப் பாதியாக்கினால் பக்கவாதத்துக்கு எதிரான காவலையும் சேர்த்துப் பாதியாக்குகிறோம்.

ரிவராக்சபானை உணவோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் முழுதாக உள்ளே சேராது. டாபிகாட்ரான் ஈரம் பட்டால் கெடும். உறையிலிருந்து பிரித்து வார டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. ஐப்பசி மழையில் உப்பே நீர்த்துப்போகும் ஊர் இது. டப்பாவில் கிடக்கும் மாத்திரையின் கதியை யோசித்துப் பாருங்கள்.

இரண்டு நெறிமுறைகள் முரண்பட்டால்?

முதலில், முரண்பாடு முடிவை மாற்றுகிறதா என்று பாருங்கள். ஐரோப்பியர்கள் 2024-இல் ஆபத்து மதிப்பெண்ணிலிருந்து ‘பெண்’ என்பதற்கான ஒரு மதிப்பெண்ணை நீக்கிவிட்டார்கள், அமெரிக்கர்கள் வைத்திருக்கிறார்கள். பெரிய சண்டை போலத் தோன்றும். வால்வு நோய் இல்லாத, இரத்த அழுத்தம் மட்டும் உள்ள 62 வயதுப் பெண்ணுக்குக் கணக்குப் போடுங்கள். அமெரிக்க முறையில் 2, ஐரோப்பிய முறையில் 1. அமெரிக்கர்கள் பெண்களுக்கு வரம்பை ஒன்று கூட்டி வைத்திருப்பதால் இரண்டிலும் வரும் பதில் ஒன்றுதான்: மருந்து தருவது நியாயம், பேசி முடிவெடுங்கள்.

நிஜமான முரண்பாடுகளும் உண்டு. உறைவுத் தடுப்பு மருந்தே சாப்பிட முடியாதவர்களுக்கு மேலறைப் பையைக் கருவி வைத்து அடைப்பதை அமெரிக்கர்கள் 2ஏ என்கிறார்கள், ஐரோப்பியர்கள் 2பி. அதே ஆய்வுகள்தான், நம்பிக்கையில் வேறுபாடு. விலை உயர்ந்த கருவி இது. இரண்டு குழுக்கள் இப்படிப் பிரியும் இடத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல் இன்னொரு மருத்துவரிடமும் கேட்பது தவறே இல்லை.

நெறிமுறை அடிக்கடி மாறுகிறதே, எப்படி நம்புவது?

கேள்வியே மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 2002-இல் 4,060 பேரிடம் நடந்த அஃபர்ம் ஆய்வு, லயத்தை மீட்பதால் ஆயுள் கூடுவதில்லை, வேகத்தைக் கட்டுப்படுத்துவதே போதும் என்று காட்டியது. 2020-இல் வந்த ஈஸ்ட் ஆய்வு, நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் லயத்தை மீட்க முயன்றால் பாதிப்புகள் குறைகின்றன என்றது. இரண்டும் பொய்யல்ல. முதலாவதில் நோயாளிகளும் மருந்துகளும் வேறு; இரண்டாவது ஆரம்ப நிலையைப் பற்றியது, 11 ஐரோப்பிய நாடுகளில் நடந்தது. பத்தாண்டாக ஏ.எஃப்.-ஓடு, மேலறை பெருத்து, வால்வு சுருங்கி இருப்பவருக்கு ஈஸ்ட் ஆய்வைக் காட்டி லயத்தை மீட்கிறேன் என்று புறப்படக் கூடாது.

ஆஸ்பிரின் போதாதா?

போதாது. ஏ.எஃப். பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரினை இரண்டு நெறிமுறைகளுமே ஒதுக்கிவிட்டன. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் அதற்காகச் சாப்பிடுவது தனிக் கணக்கு. அதை இதோடு குழப்பி நிறுத்திவிடாதீர்கள்.

குடும்பத்தினர் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

நெறிமுறையின் பெயரைச் சொல்லி வாதாட வேண்டாம். “அம்மாவுக்கு வால்வில் சுருக்கம் இருக்கிறதா டாக்டர்? எக்கோவில் பார்த்தாயிற்றா?” இதுதான் முதல் கேள்வி. மருந்து எது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. அடுத்து, “இந்த அளவை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? எடை, வயது, கிரியேட்டினின் மூன்றையும் பார்த்தீர்களா?” பிறகு, “எத்தனை நாளுக்கு ஒரு முறை எந்தப் பரிசோதனை?”

எக்கோ தாளைத் தொலைக்காதீர்கள். அதில் ‘மைட்ரல் வால்வு’ என்ற வரியும், அதன் பக்கத்தில் சதுர சென்டிமீட்டரில் ஒரு பரப்பளவும் எழுதியிருந்தால் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, குடும்ப அட்டையும் ஆதாரும் வைக்கும் இடத்திலேயே வையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும், யாரும் கேட்பதற்கு முன்பே அதை எடுத்து மேசையில் வையுங்கள்.